மாதாந்திரக் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி: களப்பணியாளர்களுக்கான மேற்பார்வையை எப்படி மாற்றுவது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

டெல்டா மாவட்டம் ஒன்றில் குழந்தைகள் பாதுகாப்புக்காக இயங்கும் சிறிய தொண்டு நிறுவனத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். ஆறு களப்பணியாளர்கள், ஓர் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்), வாடகைக்கு எடுத்த ஒரு மாடி. அவ்வளவுதான் எங்கள் படை. கீழே வரும் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

கடந்த ஆண்டு எங்களிடமிருந்து ஒரு பணியாளர் விலகினார். எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர். ஓர் இரவு, ஒன்றரை வயதுக் குழந்தையை ஒரு வீட்டிலிருந்து மீட்டார். மீட்கப்பட்ட குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழு கூடாத நேரம் என்பதால் குழு உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தி உத்தரவு வாங்கினார். பிறகு குழந்தையை இல்லத்தில் ஒப்படைத்துவிட்டுத் தன் வீடு போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவில் அவர் அரை நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு மாதாந்திர ஆய்வுக் கூட்டம். அதில் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: "படிவத்தில் குழந்தையின் புகைப்படம் ஒட்டவில்லையே, ஏன்?"

கேட்டது நான்தான்.

மூன்று வாரம் கழித்து விலகல் கடிதம் வந்தது. 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதியிருந்தார். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். போன மாதம் அங்கே சேலை எடுக்கப் போயிருந்தேன். நலம் விசாரித்துக்கொண்டோம். பையை என் கையில் கொடுக்கும்போது, "அந்தப் பிள்ளை வழியெல்லாம் அழவே இல்லை, அக்கா" என்றார். பின்னால் வரிசை நின்றதால் நான் நகர்ந்துவிட்டேன்.

ஓராண்டாக அவர் தூக்கிக்கொண்டு திரிந்த அந்த ஒரு வரியை இறக்கி வைக்க எங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். ரிஃப்ளெக்டிவ் சூப்பர்விஷன் என்று ஒரு முறை இருப்பதாகப் படித்தேன்: களத்தில் நடந்ததையும் அது தன்னை என்ன செய்தது என்பதையும் பணியாளர் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பேசுவது. தமிழில் மீள்நோக்கு மேற்பார்வை என்று சொல்லலாமா? இங்கே யாராவது நடத்திப் பார்த்திருக்கிறீர்களா? எங்கிருந்து தொடங்குவது?

பாக்கிப்படி எழுதியது:

நானும் களத்தில் இருப்பவன்தான். ஒப்பந்த ஊழியன். தொகுப்பூதியம். நான்கு மாதப் பயணப்படி பாக்கி. என் பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுபவரிடம், "அந்த வீட்டைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை" என்று நான் சொன்னால் என்ன நடக்கும்? 'மனத்திடம் போதாது' என்று அடுத்த ஆண்டுக் கோப்பில் ஏறும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாகிவிடும்.

எங்களுக்கும் இப்படி ஒரு நாள் நடத்தினார்கள். மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி. ஒரு ஹோட்டல் ஹாலில் கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னார்கள், பலூன் ஊதச் சொன்னார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போக எனக்கு பஸ் காசு கிடையாது. முதலில் பாக்கியைக் கொடுங்கள், ஆளுக்கு இத்தனை வழக்கு என்று ஒரு வரம்பு கட்டுங்கள். மனதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நெறியாளர் குறிப்பு:

அனைவருக்கும் ஒரு நினைவூட்டல். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, குழந்தையின் அடையாளம் தெரியும் எதையும் எந்த வடிவிலும் வெளியிடுவதைத் தடுக்கிறது. பெயர் இல்லாவிட்டாலும் ஊர், பள்ளி, தேதி மூன்றும் சேர்ந்தால் அடையாளம்தான். இந்த இழையில் இதுவரை பிரச்சினை இல்லை. தொடருங்கள்.

சாக்பீஸ் எழுதியது:

சமூகப்பணித் துறையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பழக்க தோஷம்.

தம்பி பாக்கிப்படி சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் சொல்வதும் வெண்ணாற்றங்கரை கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஆல்ஃபிரட் கதுஷின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1976இல் மேற்பார்வைக்கு மூன்று வேலைகள் என்று வகுத்தார்: நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப் பிடித்தல். நம் ஊரில் முதலாவது மட்டும் செழித்து வளர்ந்துவிட்டது. மற்ற இரண்டையும் பாடப்புத்தகத்திலேயே விட்டுவிட்டோம். மாணவர்களைக் களப்பயிற்சிக்கு அனுப்பும்போது வாரம் தவறாமல் உட்காரவைத்துப் பேசுகிறோம். அவன் பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்த மறுநாளிலிருந்து அந்த நாற்காலி காணாமல் போய்விடுகிறது. நீச்சல் தெரியாதவனுக்குக் கரையில் கயிறு, நடு ஆற்றில் இறங்கியவனுக்கு ஒன்றும் கிடையாது.

மீள்நோக்கு மேற்பார்வை வளர்ந்தது கைக்குழந்தைகளின் மனநலத் துறையில். அதற்கு மூன்று கால்கள் என்பார்கள். ஒன்று, ஒழுங்கு: குறித்த நாள், குறித்த நேரம், தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது, இருவரும் சேர்ந்து யோசிப்பது. மூன்றாவது, நடந்ததையும் அது தனக்குள் என்ன செய்தது என்பதையும் திரும்பிப் பார்ப்பது. இவற்றில் நம்மவர்கள் முதலில் கோட்டைவிடுவது ஒழுங்கை. "இன்றைக்கு ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று இரண்டு முறை சொன்னால் போதும், மூன்றாம் முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்று. மேற்பார்வை செய்பவருக்கும் பணியாளருக்கும் இடையே நடப்பது, பணியாளருக்கும் குடும்பத்துக்கும் இடையே நடப்பதன் நகலாக மாறும் என்பதை ஹெரால்ட் சியர்ல்ஸ் என்ற மனநல மருத்துவர் 1955லேயே எழுதிவிட்டார். நீங்கள் படிவத்தைக் கேட்டு அதட்டினால், அவர் போய்த் தாயிடம் ஆதார் அட்டையைக் கேட்டு அதட்டுவார். தாய் யாரை அதட்டுவாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இசபெல் மென்சீஸ் 1960இல் லண்டன் மருத்துவமனை ஒன்றைப் பற்றி எழுதியதையும் சொல்லிவிடுகிறேன். செவிலியர் பயிற்சியில் சேர்ந்த பெண்கள் பலர் பாதியிலேயே விட்டுப் போனார்கள். மாணவிகளை எங்கெங்கே வேலைக்கு அமர்த்துவது என்ற சிக்கலுக்கு வழி தேடப் போனவர் கண்டது வேறு. நோயாளியின் வலி நெருங்கி வந்து சுடாமல் இருக்க அந்த மருத்துவமனை தனக்கே தெரியாமல் ஒரு வேலி கட்டியிருந்தது. ஒரு செவிலியர் ஒரு நோயாளியை முழுதாகப் பார்க்க முடியாதபடி வேலையைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள். பெயருக்குப் பதில் 'பத்தாம் கட்டில் கல்லீரல்' என்று சொல்லும் வழக்கம். நம் அலுவலகங்களில், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தின் பெயரையே வைத்து 'போன வார போக்சோ என்ன ஆச்சு' என்று கேட்பது எதனால் என்று நினைக்கிறீர்கள்? கல்நெஞ்சு என்று சொல்ல மாட்டேன். பெயர் சொன்னால் முகம் வரும், அதனால்தான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொடூரமான சம்பவம் நடந்த அன்றோ மறுநாளோ ஒருவரை உட்காரவைத்து "எல்லாவற்றையும் கொட்டிவிடு" என்று சொல்லாதீர்கள். அப்படி ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறை பின்னாளைய மனக்காயத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யக்கூடும் என்று 2002இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. அன்றிரவு அவருக்குத் தேவை சூடான சாப்பாடு, வீட்டுக்குப் போக வண்டி, மறுநாள் காலை விடுப்பு. பேச்சு தானாக வரும்போது வரட்டும்.

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ட்ராமாவை மனவடு என்போம். காயம் என்றால் ஆறும், அல்லது புரையோடும். வடு என்றால் ஆறிய பிறகும் தொட்டால் தெரியும். அதனால் எனக்கு வடுதான் பிடித்த சொல்.

2004 கடற்கோளுக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் இங்கே உளசமூகப் பணிக்கு வந்த இளம் பெண்களில் பலர் தாங்களே இடம்பெயர்ந்தவர்கள். பகலில் முகாமில் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்திய பெண், மாலையில் அதே முகாமில் தன் தம்பியின் பெயரைப் பட்டியல்களில் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். 'பணியாளர்', 'பயனாளி' என்ற பிரிவெல்லாம் அங்கே தாளில் மட்டும்தான். ஆகவே 'மற்றவர் துயரைக் கேட்டுக் கேட்டு வரும் பாதிப்பு' என்று புத்தகம் சொல்வது எங்களுக்குப் பாதிதான் பொருந்தியது. அவர்களிடம் ஏற்கெனவே சொந்தத் துயர் இருந்தது, மேலே இன்னொன்றை ஏற்றினோம்.

நாங்கள் கிழமைக்கு ஒருநாள் ஒரு மாமரத்தின் கீழ் இருந்து கதைத்தோம். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஒரே ஒரு விதிதான்: பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற விபரத்தை முழுதாகச் சொல்லக் கூடாது. அதைச் சொன்னால் கேட்கும் ஏழு பேரும் இரவு அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிள்ளை முன்னால் நீ எப்படி இருந்தாய், அதை மட்டும் சொல். இந்த விதியை நாங்கள் பட்ட பிறகுதான் கண்டுபிடித்தோம்.

கொடையாளர் நிறுவனம் வெளியேறியபோது அந்தக் கிழமைக் கூட்டமும் நின்றது. மதிப்பீட்டு அறிக்கையில் அதற்கு ஒரு வரி இல்லை, ஏனென்றால் அதை அளக்கக் குறிகாட்டி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

தேம்ஸ்கரை எழுதியது:

இங்கிலாந்தில் குழந்தைகள் சமூகப்பணியில் இருக்கிறேன். இங்கே மேற்பார்வை இல்லாமல் யாரையும் களத்துக்கு அனுப்ப மாட்டார்கள். புதிதாகத் தகுதி பெற்றவருக்கு முதல் 6 வாரம் வாரந்தோறும், பிறகு 6 மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதற்குப் பின் மாதம் ஒருமுறை என்று நியதி. கேட்கப் பொறாமையாக இருக்கும். இருங்கள், மீதியையும் சொல்கிறேன்.

விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000ஆம் ஆண்டு லண்டனில் அவளைப் பராமரித்தவர்களின் கொடுமையால் இறந்தாள். விசாரணை நடத்திய லார்ட் லாமிங்கின் அறிக்கை 2003இல் வந்தது. அதில் மறக்க முடியாத ஓர் இடம் உண்டு. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள், சிறுமிக்குச் சிரங்கு என்று கேள்விப்பட்டதும் போவதை ரத்து செய்தார்கள். சிரங்கு தொற்றிவிடுமோ என்ற பயம். பயம் வருவது மனித இயல்பு, அதற்காக யாரையும் நான் பழிக்க மாட்டேன். ஆனால் "அந்த வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்ல ஓர் அறையும், "சரி, அப்படியானால் எப்படிப் போகலாம்?" என்று திருப்பிக் கேட்க ஓர் ஆளும் இருந்திருந்தால் என்று பிறகு எத்தனை முறை நினைத்திருக்கிறேன் தெரியுமா? சொல்லப்படாத பயம் கோப்பில் ஒரு சுகாதாரக் காரணமாக உட்கார்ந்துகொண்டது.

அந்த அறிக்கைக்குப் பிறகு என்ன நடந்தது? படிவங்கள் பெருகின. 2011இல் பேராசிரியர் எய்லீன் மன்ரோ தம் ஆய்வறிக்கையில், விதிகளும் இலக்குகளும் சேர்ந்து பணியாளர் யோசிக்கும் இடத்தையே அடைத்துவிட்டன என்ற பொருளில் எழுத வேண்டிவந்தது. என் மேற்பார்வை நேரத்தில் பாதி இன்றும் கணினித் திரையில் சிவப்பு நிறக் கெடுக்களைப் பார்ப்பதிலேயே போகிறது. நேரம் ஒதுக்கிவிட்டால் தானாக யோசனை வந்துவிடாது. நீங்கள் புதிதாகத் தொடங்குவதால் ஒன்று செய்யுங்கள்: எண்ணிக்கை பார்க்கும் கூட்டத்தையும் இதையும் ஒரே நாளில்கூட வைக்காதீர்கள்.

இல்லத்து அம்மா எழுதியது:

நான் படித்தவள் இல்லை, மேலே உள்ள பெயர்களெல்லாம் எனக்குப் புதிது. பெண் குழந்தைகள் இல்லத்தில் இரவுப் பணி. பிள்ளைகள் அம்மா என்பார்கள்.

அந்த ஒன்றரை வயதுப் பிள்ளை அழவில்லை என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். இரவில் வந்து இறங்கும் பிள்ளைகளில் அழுகிற பிள்ளையைச் சமாளித்துவிடலாம். தோளில் போட்டு நடந்தால் தூங்கிவிடும். அழாத பிள்ளைதான் கஷ்டம். நம் தோளில் கட்டை மாதிரி கிடக்கும். கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். பாலைக் குடிக்கும், துப்பாது, கேட்காது. அது நல்ல பிள்ளை என்று புதிதாக வந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அது ஆகாது. ஒருநாள் அப்படி ஒரு பிள்ளையை விட்டுவிட்டு நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். அது பணியில் தவறுதான். யாரிடமும் சொன்னதில்லை.

ஒருங்கிணைப்பாளர், ஆற்றுப்படுத்துநர் இவர்களுக்கெல்லாம் கூட்டம் என்கிறீர்கள். சமையல்காரம்மா, வாட்ச்மேன், இரவு ஆயா இவர்களுக்கு உண்டா? பிள்ளைகள் மனம் திறப்பது பகலில் ஆற்றுப்படுத்துநர் அறையில் என்று நினைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டு எழுந்திருக்கும்போதுதான்.

பாக்கிப்படி எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு முந்தைய பதிவில் பலூன் பற்றி எழுதியதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். விட்டுவைக்கிறேன், பலூன் உண்மைதான். ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மதிப்பீடு எழுதுபவரே மனதையும் கேட்டால் யார் பேசுவார்?

வெண்ணாற்றங்கரை எழுதியது (நான்கு மாதத்துக்குப் பிறகு):

இழையைத் தூசி தட்டுகிறேன். தொடங்கிவிட்டோம், அதனால்தான்.

பாக்கிப்படியின் கேள்விதான் என்னைப் படுத்தியது. முதல் இரண்டு அமர்வுகளை நானே நடத்தினேன். ஆறு பேரும் "நன்றாக இருக்கிறேன், அக்கா" என்றார்கள். ஒருவர் குறிப்பேடு கொண்டு வந்து எண்ணிக்கை வாசித்தார். நான் எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் கை இதே கைதான். ஆகவே பக்கத்து மாவட்டத்தில் எங்களைப் போன்ற ஓர் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் பேசி ஒரு மாற்று ஏற்பாடு செய்தோம். அவர் எங்கள் பணியாளர்களுக்கு, நான் அவருடைய பணியாளர்களுக்கு. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை. ஆளுக்கு ஒரு மணி நேரம், தொலைபேசி வெளியே. அங்கே பேசுவது மதிப்பீட்டுக்கு வராது என்று இரு அமைப்பும் எழுத்தில் கொடுத்தோம். ஒரு விதிவிலக்கை முதல் நாளே சொல்லிவிட்டோம்: ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரியவந்தால் அது அறைக்குள் தங்காது. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் தெரிவித்தே ஆக வேண்டும் என்னும் போக்சோவின் 19ஆம் பிரிவு நம் எல்லோருக்கும் பொருந்தும். 'எதைச் சொன்னாலும் ரகசியம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட இது மேல்.

பயணப்படியையும் சேர்த்தே சரிசெய்தோம். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுகிறோம். அதற்காக நிர்வாகக் குழுவில் நான் போட்ட சண்டை தனி இழைக்குரியது.

ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பக்கத்து அமைப்பின் பணியாளர். அவருடைய வீட்டு விசாரிப்பு அறிக்கையில் 'தாய் ஒத்துழைக்கவில்லை' என்று மூன்று முறை எழுதியிருந்தார். நம் எல்லோருடைய கோப்பிலும் இருக்கும் வாசகம்தான். ஒத்துழைக்கவில்லை என்றால் என்ன செய்தார் என்று கேட்டேன். கதவைத் திறக்கவில்லை, உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டினார் என்றார். நீங்கள் எங்கே நின்றீர்கள்? வாசலில், முருங்கை மரத்தடியில். எவ்வளவு நேரம்? யோசித்தார். "ஐந்து நிமிடம்கூட இருக்காது." நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "திறக்கவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது."

தேம்ஸ்கரை சொன்ன சிரங்கு எனக்கு அந்த நொடியில் நினைவுக்கு வந்தது.

அந்த வீட்டில் குடித்துவிட்டுக் கத்தும் ஓர் ஆள் உண்டு. முதல் முறை போனபோது அவன் அரிவாளை எடுத்துத் திண்ணையில் வைத்தானாம். வெட்ட வரவில்லை, வைத்தான், அவ்வளவுதான். அதை இவர் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. எழுதினால் "இதற்குப் பயந்தால் எப்படி" என்பார்கள் என்று நினைத்திருக்கிறார். பிறகு இருவரும் யோசித்தோம். அவன் வேலைக்குப் போகும் காலை நேரத்தில், அந்தத் தெரு அங்கன்வாடிப் பணியாளரையும் அழைத்துக்கொண்டு போனார். கதவு திறந்தது. கழுத்தில் அட்டை மாட்டி வருபவர்கள் மிச்சமிருக்கும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அந்தத் தாய் நம்பிக்கொண்டிருந்தாராம். டிவி சத்தம் அதற்காக, உள்ளே இருக்கும் பிள்ளையின் குரல் வெளியே கேட்காதிருக்க.

இப்போது இரண்டு அமைப்பிலும் 'ஒத்துழைக்கவில்லை' என்ற சொல்லை அறிக்கையில் எழுதக் கூடாது. என்ன நடந்ததோ அதை எழுத வேண்டும். அறிக்கைகள் நீளமாகிவிட்டன என்று கணக்காளர் குறைப்படுகிறார், அச்சுத்தாள் செலவாம்.

சரிவராததும் உண்டு. ஒரு பணியாளர் இன்றுவரை பேசவில்லை. வருகிறார், உட்காருகிறார், தேநீர் குடிக்கிறார், போகிறார். கட்டாயப்படுத்தவில்லை. இன்னொருவருக்குப் பேச்சு போதாது, மனநல மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. அதை நாங்கள் தாமதமாகத்தான் கண்டுகொண்டோம். மேற்பார்வை வேறு, சிகிச்சை வேறு என்பதைச் சாக்பீஸ் ஐயா முன்பே அழுத்திச் சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்துக்கொள்ள யார் என்பது இன்னும் தீரவில்லை. மாதம் ஒருமுறை ஒருங்கிணைப்பாளர்கள் நான்கு பேர் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம், பாதி நேரம் சிக்னல் கிடைப்பதில்லை.

சாக்பீஸ் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், சொல்லியிருக்க வேண்டும். பேசாமல் தேநீர் குடிப்பவரைப் பற்றிக் கவலை வேண்டாம். வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இல்லத்து அம்மா எழுதியது:

இரவுப் பணி முடிந்து சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் வெளியே வருவேன். உங்கள் ஊருக்கு இரண்டு மணி நேர பஸ். எங்கள் இல்லத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வாருங்கள், அம்மா. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை காலியாக வைக்கிறேன். நான் படிவம் கேட்ட அந்தப் பணியாளரையும் அழைத்திருக்கிறேன். சனிக்கிழமை கடையில் கூட்டம் அதிகம், விடுப்பு கிடைத்தால் வருகிறேன் என்றிருக்கிறார்.

பாக்கிப்படி எழுதியது:

உங்கள் மாற்று ஏற்பாட்டை எங்கள் அலுவலகத்தில் அச்செடுத்துக் காட்டினேன். "பயணப்படி யார் கொடுப்பது?" என்று கேட்டார்கள்.